நார்கொண்டத்து இருவாச்சியும் அதை எண்ணியவர்களும்

உறையூருக்குக் கோழியூர் என்றும் ஒரு பெயர் உண்டு. சோழன் ஒருவன் யானைமீது வந்துகொண்டிருந்தபோது, இந்த இடத்தில் ஒரு கோழி எதிர்ப்பட்டு அந்த யானையைப் போரிட்டு விரட்டியதாம். கோழிக்கு வலிமை தந்த மண்ணில் தலைநகர் அமைப்பதே தகும் என்று அவன் கருதினான் என்பது தலபுராணம் சொல்லும் காரணம். வாரணம் என்ற சொல்லுக்கு யானை, கோழி என்ற இரு பொருளும் உண்டு என்பதை நினைத்துக்கொண்டால் இந்தக் கதை எங்கிருந்து முளைத்தது என்று ஊகிக்க இடமிருக்கிறது. அது எப்படியாயினும், ஒரு பறவையின் பெயரால் அறியப்பட்ட தலைநகரம் தமிழில் வேறு இருப்பதாக நினைவில்லை.

உறையூர்ச் சோழர்களின் காலம் முடிந்து, தஞ்சையும் கங்கைகொண்ட சோழபுரமும் தலைநகரங்களான பிறகு, 1025இல் இராசேந்திரனின் கடற்படை கீழைக்கடலைக் கடந்தது. அந்தப் படையெடுப்பில் வெல்லப்பட்ட இடங்களின் வரிசை அவனுடைய மெய்க்கீர்த்தியில் இருக்கிறது. அதில் மாநக்கவாரமும் ஒன்று. இன்றைய நிக்கோபார்த் தீவுகள்தான் அது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கல்வெட்டு அத்தீவுகளின் சோலைகளைச் சொல்கிறது. அச்சோலைகளில் இருந்த பறவைகளைச் சொல்லவில்லை. வெற்றியைப் பொறிக்கும் கல்லில் அதற்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் கோழியூர்க்காரனாகிய எனக்கு ஒரு ஆசை. அந்தக் கப்பல்களில் போன எவனாவது ஒரு வீரன், மாநக்கவாரத்துக் கரையில் ஆள் உயர மண்மேடு கட்டி அதற்குள் முட்டையிட்டுப் புதைத்துவிட்டுப் போகும் விசித்திரக் கோழியைப் பார்த்திருப்பானா? மெகாபோட் என்கிற அந்தப் பறவையிடம் கடைசியில் வருகிறேன். இந்தக் கட்டுரை அதைவிடச் சிறிய தீவில் வாழும் வேறொரு பறவையைப் பற்றியது.

நிக்கோபாருக்கு வெகு வடக்கே, வட அந்தமானுக்குக் கிழக்கில் நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில், நார்கொண்டம் தனித்து நிற்கிறது. உறங்கும் எரிமலை ஒன்றின் உச்சி அது. கடல்மட்டத்திலிருந்து 710 மீட்டர் உயரம். பரப்பு 6.8 சதுர கிலோமீட்டர். எண்ணாகச் சொன்னால் மனத்தில் படியாது என்பதால் நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். திருவரங்கம் கோயில் ஏழு திருச்சுற்றுகளும் அவற்றினுள் அடங்கிய தெருக்களும் வீடுகளும் சேர்த்து 156 ஏக்கர். அப்படிப்பட்ட பதினொரு கோயில்களை ஒட்டி ஒட்டி வைத்தால் நார்கொண்டம் நிரம்பிவிடும். அந்தப் பதினொரு கோயில் அளவுக் காட்டில்தான் நார்கொண்டம் இருவாச்சி வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. பக்கத்து அந்தமான் தீவுகளிலும் இல்லை. அங்கெல்லாம் எந்த வகை இருவாச்சியும் கிடையாது. பர்மாவிலும் மலாய்க் காடுகளிலும் உறவினர்கள் இருக்க, இது மட்டும் இந்தப் பாறைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது இயற்கையின் சுவையான புதிர்களில் ஒன்று.

திருவரங்கமும் தீவுதான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடப்பது. ஆனால் ஆற்றுத்தீவில் ஒரு பறவை அழிந்துபோனால் அக்கரையிலிருந்து அடுத்த பருவத்தில் வேறொன்று வந்து அமரும். கடல்தீவின் கதை வேறு. அங்கே அக்கரை என்று ஒன்று இல்லை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நரககுண்டம் என்பதே நார்கொண்டம் என்று திரிந்தது என ஆங்கிலேய அறிஞர்கள் சிலர் கருதினார்கள். இத்தீவோ உறங்கும் எரிமலை. இதற்குத் தெற்கே இருக்கும் பாரன் தீவுதான் இன்றளவும் நெருப்பு உமிழ்வது. மாலுமிகள் இரண்டு தீவுகளின் பெயர்களையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்ற ஊகமும் உண்டு. எப்படியோ, காடு பொங்கி வழியும் தீவுக்கு நரகத்தின் பெயர் வாய்த்துவிட்டது.

இந்தப் பறவையை உலகுக்கு அறிவித்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885இல் இந்திய தேசியக் காங்கிரசைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராக மட்டுமே நம் பாடப்புத்தகங்கள் அறிந்த அதே ஹியூம்தான். காங்கிரசுக்கு முந்தைய ஹியூமின் பெருங்காதல் பறவைகள். 1873 மார்ச்சில் ஸ்கோஷியா என்ற கப்பலில் நண்பர்களைத் திரட்டிக்கொண்டு வங்கக்கடல் தீவுகளுக்குப் பயணம் போனார். (அக்கால வெள்ளை அதிகாரிகளின் பயணப்பெட்டியில் திருச்சினாப்பள்ளிச் சுருட்டு தவறாமல் இருக்கும். எனவே உறையூர்ப் புகையிலையின் வாசம் நார்கொண்டக் கரையில் வீசியிருக்கக்கூடும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு அற்ப மகிழ்ச்சி.) அந்த ஆண்டே இருவாச்சிக்கு அறிவியல் பெயர் வந்தது. பெயரின் பின்பாதியில் தீவின் பெயரே இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஒரு பறவையை அறிவது என்றால் சுட்டு வீழ்த்தித் தோலை உரித்துப் பதப்படுத்துவது. ஹியூம் சேர்த்த பறவைத் தோல்கள் அறுபதாயிரத்துக்கும் மேல். இருபத்தைந்து ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளை வேலையாள் ஒருவர் பழைய காகிதமாகக் கடைத்தெருவில் விற்றுவிட, மனமுடைந்த ஹியூம் 1885இல் தம் தொகுப்பு முழுவதையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டுப் பறவைகளை விட்டே விலகினார். அவரை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமல்ல. அவர் சுடாமல் இருந்திருந்தால் நமக்கு இந்தப் பறவையின் பெயரே தெரிந்திருக்காது என்பதும் உண்மைதான்.

இருவாச்சி என்ற பெயரே அழகானது. அலகின்மேல் இன்னொரு அலகு கவிழ்த்தாற்போல் இருப்பதால் இரு வாய் உடையது என்று நம் மலைவாசிகள் பெயரிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இருவாச்சியோடு ஒப்பிட்டால் நார்கொண்டத்துப் பறவை சிறியது. உடல் கறுப்பு, வால் வெள்ளை. ஆணின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண்ணுக்கு அங்கேயும் கறுப்பு. உணவு பெரும்பாலும் அத்தியும் ஆலும் சார்ந்த பழங்கள். இதன் குடும்ப வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளாமல் இதன் வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது. பிப்ரவரி வாக்கில் பெண் பறவை ஒரு பெருமரத்தின் பொந்துக்குள் நுழைந்து, வாயிலைத் தன் எச்சத்தாலும் பழச்சக்கையாலும் பூசி அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவு ஒரு கீற்றுதான் மிச்சம். உள்ளே இருக்கும் காலத்தில் சிறகின் பறக்கும் இறகுகளையும் உதிர்த்துவிடுகிறது. அப்போதிலிருந்து குஞ்சு வளரும் வரை தாயும் சேயும் ஆண் கொண்டுவரும் பழத்தை நம்பியே இருக்கின்றன. ஆகவே அந்த மாதங்களில் ஒரு ஆண் பறவையைச் சுட்டால் செத்தது ஒன்றல்ல. மரத்துக்குள் ஒரு குடும்பமே பட்டினியில் கிடக்கும்.

ஹியூமுக்குப் பிறகு வந்தவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். 1905இல் தம் பயணத்தைப் பற்றி எழுதிய வன அதிகாரி ஆஸ்மஸ்டன், தீவில் இருநூறு பறவைகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார். பிறகு நெடுங்காலம் எவரும் அக்கறையோடு போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1972இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த எஸ்.ஏ. ஹுசைன் போனார். அவர் கணக்கு நானூறு. இடைப்பட்ட காலத்தில் தீவில் ஒரு மாறுதல் நிகழ்ந்திருந்தது. பர்மாவின் கடல் எல்லை அருகில் இருப்பதால் அறுபதுகளின் இறுதியில் அங்கே ஒரு காவல் சாவடி வைக்கப்பட்டது. மனிதர் நிலையாகத் தங்கியிராத தீவில் முதன்முதலாக ஆண்டு முழுதும் அடுப்பு எரியத் தொடங்கியது.

காவலர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் இருவாச்சியை வேட்டையாடியதாகக் குறிப்புகள் இருக்கின்றன. ஆனால் கப்பல் எப்போது வரும் என்று தெரியாமல், அரிசியும் பருப்பும் தீரத் தீரக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பத்துப் பதினைந்து பேருடைய நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தவிரவும், அவர்கள் இல்லையென்றால் அயல்நாட்டுத் திருட்டுப் படகுகள் கரையேறத் தடை ஏது? அந்தமான் கடலில் அப்படிப்பட்ட படகுகள் பிடிபடுவது அபூர்வமல்ல. சாவடி அந்தப் பறவைக்கு எமனாகவும் காவலாகவும் ஒருசேர இருந்தது என்பதே என் கணிப்பு.

உண்மையான கேடு துப்பாக்கியால் வரவில்லை. ஆட்டால் வந்தது. 1976இல் காவலர்களின் இறைச்சித் தேவைக்காகச் சில ஆடுகள் கொண்டுவரப்பட்டன. புலி இல்லை, நரி இல்லை, திருடனும் இல்லை. ஆடுகள் பெருகிக் காட்டுக்குள் போய்விட்டன. தொண்ணூறுகளின் இறுதியில் அவை சில நூறாகியிருந்தன. ஆடு பெருமரத்தை ஒன்றும் செய்வதில்லை. தரையில் முளைக்கும் கன்றுகளைத்தான் தின்கிறது. எனவே கப்பலிலிருந்து பார்ப்பவருக்குக் காடு பசுமையாகவே தெரியும். உள்ளே நடந்து பார்த்தால்தான் கிழ மரங்கள் இருக்கின்றன, இள மரங்கள் இல்லை என்பது புலப்படும். கிழ மரங்கள் புயலில் ஒவ்வொன்றாக விழும்போது அவற்றின் இடத்துக்கு வர எதுவும் வளர்ந்திருக்காது. பொந்துள்ள மரம் இல்லாவிட்டால் இருவாச்சி கூடுகட்டாது. ஒரு பறவைக்கூட்டம் கண்ணெதிரே நன்றாக இருக்கும்போதே அதன் ஐம்பது ஆண்டுக்குப் பிந்தைய வீடு மேயப்பட்டுவிடுகிறது.

இதை உரக்கச் சொன்னவர் ரவி சங்கரன். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் இருக்கும் சாலிம் அலி பறவையியல் மையத்தின் ஆய்வாளர், பின்னாளில் அதன் இயக்குநர். 1998இல் நார்கொண்டத்துக்குப் போய்ப் பறவைகளையும் ஆடுகளையும் எண்ணினார். அவருக்குக் கிடைத்த இருவாச்சிக் கணக்கு முந்நூறை ஒட்டியது. ஆடுகளை அகற்றாவிட்டால் காடு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளாது என்று எழுதினார். அந்தமான் பறவைகளுக்காக அவர் செய்தவற்றில் இது ஒரு பகுதிதான். உண்ணத்தக்க கூடு கட்டும் உழவாரக் குருவிகளைக் காக்க, கூடு திருடியவர்களையே காவலர்களாக்கிய மனிதர் அவர். ஆடுகள் பின்வந்த ஆண்டுகளில் தீவிலிருந்து அகற்றப்பட்டன. ரவி சங்கரன் 2009 ஜனவரியில் நாற்பதுகளின் நடுவிலேயே மாரடைப்பால் காலமானார். தமிழ் இதழ்களில் அவரைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரையும் என் கண்ணில் பட்டதில்லை.

ஆடு ஒரு தீவை என்ன செய்யும் என்பதற்கு, தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் மொரீசியசைவிட நல்ல சான்று கிடையாது. டோடோ அழிந்த நாடு அது. கடைசியாக அதை நம்பத்தகுந்த வகையில் ஒருவர் பார்த்தது 1662இல். நாம் டோடோவோடு நிறுத்திக்கொள்கிறோம். கதை அதன்பிறகும் தொடர்கிறது. மொரீசியசுக்கு வடக்கே ரவுண்ட் தீவு என்ற சிறு தீவில் விடப்பட்ட ஆடுகளும் முயல்களும் அதன் பனங்காட்டை மொட்டையாக்கின. ஆடுகளை 1979இலும் முயல்களை 1986இலும் முழுதாக ஒழித்த பிறகே கன்றுகள் மீண்டும் தலைதூக்கின. மொரீசியசுக்கே உரிய வல்லூறு 1974இல் காட்டில் நான்கே நான்கு என்ற நிலைக்கு வந்தது. காடழிப்பும் டிடிடி மருந்தும் காரணம். கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரர் அங்கே போய், முட்டைகளை எடுத்து அடைகாத்து, குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்து, அந்த இனத்தைச் சில நூறாகப் பெருக்கிக் காட்டினார். வியக்கத்தக்க சாதனைதான். ஆனால் அதற்குப் பல பத்தாண்டு உழைப்பும், வெளிநாட்டுப் பணமும், ஒரு மனிதரின் பிடிவாதமும் தேவைப்பட்டன. நார்கொண்டத்துக்கு இவை எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆடுகளை ஏற்றிக்கொண்டு போனால் போதுமாயிருந்தது.

ஆடுகள் போனதும் ரேடார் வந்தது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடற்கரைகளைக் கண்காணிக்க ரேடார் வரிசை ஒன்றை அமைக்கும் திட்டத்தில் நார்கொண்டத்தையும் சேர்க்கக் கடலோரக் காவல்படை விரும்பியது. தீவின் உயரமும், பர்மாவின் கோக்கோத் தீவுகள் அப்பால் இருப்பதும் அதற்குக் காரணங்கள். கேட்ட நிலம் ஒரு ஹெக்டேர் கூட இல்லை. ஆனால் ரேடாருக்கு டீசல் மின்னாக்கி வேண்டும், அதற்கு எண்ணெய் ஏற்றிச் செல்லப் பாதை வேண்டும், எல்லாவற்றுக்கும் ஆட்கள் வேண்டும், ஆட்களுக்குத் தண்ணீர் வேண்டும். வரைபடத்தில் இருப்பது ஒரு புள்ளி, தரையில் வருவது ஒரு குடியிருப்பு. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் அன்றைய இயக்குநர் அசத் ரஹ்மானி தீவுக்கே சென்று பார்த்துவிட்டு, அனுமதிக்கக் கூடாது என்று அறிக்கை தந்தார். 2012இல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் திட்டத்தை மறுத்தார். தமிழகத்தைச் சேர்ந்தவர், பக்தவத்சலத்தின் பேத்தி. அவருடைய அமைச்சுப் பணி குறித்துப் பின்னாளில் எழுந்த சர்ச்சைகள் பல. எனினும் நாட்டின் பாதுகாப்பு என்ற சொல் மேசைமீது வைக்கப்பட்ட பிறகும் ஒரு பறவைக்காக 'இல்லை' என்று கோப்பில் எழுதிய அமைச்சர்கள் நம் வரலாற்றில் மிகச் சிலரே.

அந்த 'இல்லை' இரண்டு ஆண்டுகள் கூட நிற்கவில்லை. 2014 ஜூனில், புதிய அரசு வந்த சில வாரங்களுக்குள், சுற்றுச்சூழல் அமைச்சகம் ரேடாருக்கு அனுமதி தந்தது. தீவு வனவிலங்குச் சரணாலயம், பறவை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. 2012இல் மறுத்தபோதும் 2014இல் அனுமதித்தபோதும் இவை இரண்டும் அப்படியேதான் இருந்தன. மாறியது கையெழுத்து மட்டும்தான்.

பிறகு ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 2019 இறுதியிலிருந்து 2020 தொடக்கம் வரை மைசூரின் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ரோஹித் நானிவடேகரும் தோழர்களும் தீவில் தங்கி, நேர்கோட்டில் நடந்து, கண்ட பறவையின் தொலைவை அளந்து கணக்கிடும் முறையில் மதிப்பிட்டார்கள். விடை ஆயிரத்தை ஒட்டி வந்தது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 150 பறவைகள். உலகில் வேறெந்த இருவாச்சி இனமும் இத்தனை நெருக்கமாக வாழ்வதாகப் பதிவு இல்லை. பழந்தின்னும் பாலூட்டிகளின் போட்டி மிகக் குறைவு, அத்தி வகை மரங்களோ ஏராளம். அந்த மரங்களின் விதையைத் தீவெங்கும் பரப்புவதும் இதே பறவைதான். காடு பறவைக்குச் சோறிடுகிறது, பறவை காட்டை நடுகிறது.

இருநூறு, நானூறு, முந்நூறு, ஆயிரம். இந்த எண்களை வரிசையாக எழுதிப் பார்க்கும்போது ஒரு ஏற்றம் தெரிவதுபோல் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் ஆஸ்மஸ்டன் கரையோரம் நடந்து கண்மதிப்பாகச் சொன்னதையும் 2020இன் கணிதத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முன்னதில் பறவை குறைவா, பார்வை குறைவா என்று இப்போது யாரும் சொல்ல இயலாது. ஆடுகள் நீங்கியதால் காடு செழித்திருக்கலாம், அதனால் கொஞ்சம் பெருகியும் இருக்கலாம். அதற்கு மேல் இந்த எண்களிலிருந்து கறப்பதற்கு ஒன்றுமில்லை.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. முந்நூறு என்ற எண் இருந்தவரை அது பறவையின் பக்கம் நின்று வாதாடியது. ஆயிரம் என்ற எண் எதிர்த்தரப்புக்கும் பயன்படும். 'முன்பு நினைத்ததைவிட மூன்று மடங்கு இருக்கிறதே, இனி என்ன கவலை' என்று ஒரு கோப்பில் யாராவது எழுதக்கூடும். ஆயிரமும் ஒரே பாறைமீது உட்கார்ந்திருக்கின்றன என்பது அந்த எண்ணில் தெரியாது. ஒரு பெரும்புயலுக்கோ, கப்பலில் ஒளிந்து வந்த ஒரு நோய்க்கிருமிக்கோ, மறுபடியும் கொண்டுவரப்படும் இரண்டு ஆடுகளுக்கோ, முந்நூறும் ஆயிரமும் ஒன்றுதான். சில பறவைகளை வேறு தீவில் குடியேற்றி வைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அந்த வேறு தீவின் மரங்களும் பறவைகளும் ஏற்கனவே தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கும். நம் கணக்கை அதில் நுழைப்பது அவ்வளவு எளிதல்ல.

இப்போது மாநக்கவாரத்துக் கோழிக்கு வருகிறேன். நிக்கோபார் மெகாபோட் அடைகாப்பதில்லை. மணலையும் சருகையும் குவித்து மேடு கட்டி, அதன் வெம்மையில் முட்டை பொரிய விட்டுவிடும். மேடுகள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியே இருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவு தீவாகப் போய் அந்த மேடுகளை எண்ணியவரும் ரவி சங்கரன்தான். 2004 டிசம்பர் சுனாமி அந்தக் கரைகளை விழுங்கியது. அதன்பின் சிவகுமார் என்ற ஆய்வாளர் மறுபடி எண்ணியபோது எழுபது விழுக்காடு அளவுக்குக் குறைந்திருப்பது தெரியவந்தது. எவ்வளவு குறைந்தது என்று நம்மால் சொல்ல முடிவதே முன்பு ஒருவர் எண்ணி வைத்திருந்ததால்தான். மிஞ்சியவை மெல்ல மேடு கட்டிக்கொண்டிருந்தபோது, 2021 ஜனவரியில், பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடா சரணாலய அறிவிப்பு நீக்கப்பட்டது. அங்கே சரக்குத் துறைமுகம் வரவிருக்கிறது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் வழங்கப்பட்டது. அந்த விரிகுடாவின் மணலில் தோல்முதுகு ஆமைகள் முட்டையிடுகின்றன. கரையோரக் காட்டுக்குள் சற்றுத் தள்ளி, கோழியின் மேடுகள் இருக்கின்றன.